கல்லடியில் குனியும் சைக்கிள்

ஜூலை 8, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் போலிருந்து வரவில்லை.

சைக்கிள் வாங்கியாயிற்று. காஞ்சிபுரம், ஷெரீப் பாயின் பழைய இரும்புக் கடை. மலைப் பாதையில் ஓட்டுகிற வகை. எங்கள் கம்பெனிப் பக்கம் தங்கியிருந்த வெளிநாட்டு இஞ்சினியர் யாரோ ஊர் திரும்பும்போது விட்டுப் போனதாம். பச்சைப் பெயிண்ட், பாதி உரிந்தது.

மறக்காமலிருக்க:

ஃபிரேம் அலுமினியம். என் உயரத்துக்குக் கொஞ்சம் சின்னது. சீட்டை உயர்த்திக்கொள்ளலாம்.

முன் ஃபோர்க், சக்கரத்தைப் பிடிக்கிற கவை, ஸ்பிரிங் வைத்தது. இந்த வண்டியோடு பிறந்ததில்லை, பாய் வேறொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது. ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டேன். "பெருசா இருந்தா ராஜா மாதிரி இருக்கும் தம்பி, கவலப்படாத" என்றார்.

பிரேக் நம் சைக்கிளுக்கு நேர்மாறு. இடது கைப்பிடி முன்சக்கரம். பழகவேண்டும்.

செயின் துரு. மண்ணெண்ணெய்.

வாங்கிய காரணத்தையும் எழுதிவிடுகிறேன். கம்பெனி பஸ் நிற்பது ஹைவேயில். காலனியிலிருந்து அதற்கு இரண்டு வழி. ஏரிக்கரை சுற்று வழி, முள், மழைக்காலத்தில் முழங்கால் சேறு. இன்னொன்று கோயில் தெரு, நேர் வழி. அந்தத் தெருமுனையில் நாமம் செதுக்கிய ஒரு கல் நிற்கிறது. நைனா அந்தக் கல் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்குவார். தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு போய் மறுமுனையில் ஏறுவார். இறங்கு என்று இப்போது யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே இறங்குகிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஐந்தாவது வரை என்னை பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர். பிடிக்க வேறு இடம் இல்லாததால் ஹேண்டில்பாரில் அவர் கைமேல் என் கை. கல் வரும், வண்டி நிற்கும், என்னையும் இறக்கிவிடுவார். ஏன் என்று கேட்டால் "நட" என்பார்.

அப்புறம் ஹாஸ்டல், பாலிடெக்னிக். வேலைக்குச் சேர்ந்த பிறகு இவ்வளவு நாளும் ஏரிக்கரையில் நடை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து தெரு வழி, இறங்க மாட்டேன் என்று. நைனா தட்டைப் பார்த்தபடியே, "உன் வண்டி, உன் காலு. எனக்கு எதுக்குபா வம்பு" என்றார். செல்விக்குத்தான் கண் விரிந்தது. பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இந்த மாதம் இலவச சைக்கிள் கொடுக்கப்போகிறார்கள். அவள் இறங்கித் தள்ளவேண்டுமா, ஓட்டிக்கொண்டே போகலாமா என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. அம்மா இறங்கு என்கிறாள். நான் இறங்காதே என்கிறேன்.

"நீ மொதல்ல போய்க் காட்டுண்ணா. அப்பறம் நான்."

சரி.

ஜூலை 9, திங்கள்

மேகம். காற்று இல்லை.

விடிந்து கொஞ்ச நேரம். தெருவில் பாதி வீடு பட்டுத் தறி, எல்லா ஜன்னலிலிருந்தும் சத்தம். முனையில் திரும்பினேன். வண்டி நன்றாகத்தான் போயிற்று. கல்லுக்கு நேரே வந்ததும் முன்சக்கரத்தை யாரோ பிடித்த மாதிரி. முன்பக்கம் குனிந்தது. ஹேண்டில் இடது பக்கம் சாய்ந்தது. நான் இறங்கி நின்றேன்.

கால் ஊன்றினேன் என்று எழுதத்தான் ஆசை. இறங்கி நின்றேன். இரண்டு காலும் தரையில்.

இன்னொன்று. அந்த நேரத்தில் தறிச் சத்தம் எல்லாம் ஒன்றாக நின்றது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம். பிறகு மறுபடி டக், டக். நெய்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்திருப்பார்கள்.

உடனே ஏறி ஓட்டினேன். டீக்கடைக் கண்ணையன் டம்ளரைக் கழுவிக்கொண்டே பார்த்தார். சிரித்தார்.

பஸ்ஸில் சாரதி பக்கத்து சீட். அதே தெருக்காரன், கோயில் குடும்பம், தரம் பார்க்கிற க்யூ.சி.யில் பெர்மனென்ட். நான் கான்ட்ராக்ட். ஒரே பஸ், இரண்டு கலர் சட்டை. தூங்கிக்கொண்டு வந்தான்.

ஜூலை 11, புதன்

நேற்றும் அதே. இன்றும் அதே. அதே கல்.

ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஹைவேயில் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. கல்லுக்கு நேரே வந்தால் முன்பக்கம் மாடு மாதிரித் தலையைக் குனிகிறது.

கடையில் இன்று நாலு பேர். கண்ணையன்தான், டீ ஆற்றிக்கொண்டே, மெதுவாக, என்னிடம் இல்லாமல் டம்ளரிடம் சொல்கிற மாதிரி:

"வண்டிக்கே தெரியுது பாரு, எங்க எறங்கணும்னு."

சிரிப்பு. வண்டியில் கோளாறு என்றேன். பாதிதான் வெளியே வந்தது.

"கோளாறுன்னா எல்லா எடத்துலயும் வரணும் இல்ல? கல்லாண்ட மட்டும் வருதே. அதான் கேக்கறேன்."

அவமானம் ஒரு பக்கம். கேள்வி சரியான கேள்வி என்பது இன்னொரு பக்கம். வேலை நேரம் முழுக்க அதே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பீஸ் ரிஜெக்ட்.

ஜூலை 14, சனி

அமாவாசை. வெயில். கம்பெனி அரை நாள்.

காஞ்சிபுரத்தில் இறங்கி பிரவுசிங் சென்டர். பக்கத்து கேபினில் ஒரு பையன் கல்யாணப் பத்திரிகைக்கு மாடல் தேடிக்கொண்டிருந்தான். நான் ஃபோர்க் தேடினேன். இங்கிலீஷ் பக்கங்கள், மெதுவாகப் படித்தேன். புரிந்தது.

ஒவ்வொரு ஃபிரேமும் இவ்வளவு நீள ஃபோர்க்குக்கு என்று கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். ஸ்பிரிங் எவ்வளவு தூரம் அமுங்குமோ அதுதான் டிராவல். அது கூடினால் ஃபோர்க்கின் நீளமும் கூடும். என் ஃபிரேம் மாதிரி சின்ன, பழைய ஃபிரேம்களுக்கு 80 மில்லிமீட்டர். அதற்கு மேல் போட்டால் முன்பக்கம் தூக்கும், உட்கார்ந்தவன் பின்னால் சாய்வான், ஹேண்டில் கம்பியின் கோணம் படுத்துவிடும். அப்படிப் படுத்தால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தானாகவே ஒரு பக்கம் விழும்.

மெதுவாகப் போகும்போது! தெருமுனையில் திருப்பம். திருப்பத்தில் எவனும் மெதுவாகத்தான் வருவான். அவ்வளவுதான் விஷயம். கண்ணையனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேபினில் தனியாகச் சிரித்தேன்.

திரும்பும்போது சும்மா தெரு வழியாக வந்தேன். நடு மத்தியானம், வெளியே ஒருவரும் இல்லை. காரணம் தெரிந்துவிட்டதால் பயமில்லாமல் வந்தேன். கல்லருகே குனிந்தது, இறங்கினேன். சத்தம் நின்றது.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. அமாவாசையன்று தறி கிடையாது. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. கோயில் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் மட்டும் போட்டிருந்தார்கள். நின்றது அது. நின்று, மறுபடி வந்தது. ஸ்பீக்கரை நிறுத்தி என்னை வேடிக்கை பார்க்க அங்கே யாரும் இல்லை.

அப்படியென்றால் நிற்பது தறி இல்லை. என் காது.

ஜூலை 15, ஞாயிறு

விடியற்காலை லேசான தூறல்.

அளந்தேன். பாலிடெக்னிக் டிராயிங் பெட்டியிலிருந்து கோணமானி. நூலில் நட்டு கட்டி ஒரு தூக்குக்குண்டு. ஃபோர்க் காலில் நூலைச் சுற்றிக் கட்டி, முழு பலத்தோடு அமுக்கி, நூல் நகர்ந்த தூரத்தை எடுத்தேன். 122. இருக்கவேண்டியது 80. ஹேண்டில் கம்பி 69 டிகிரி. இருக்கவேண்டியது 71. சீட் குழாய் 16 அங்குலம். எனக்கு 18 வேண்டும். சின்ன ஃபிரேம், பெரிய ஃபோர்க், நீள மனிதன். மூன்றும் மூன்று வீட்டுப் பிள்ளைகள்.

செல்வி கோணமானியைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு டிகிரிக்கா இவ்ளோ ஆட்டம்?" என்றாள். ரெண்டு டிகிரியில் கோபுரமே விழும் என்று சொல்லிவைத்தேன். உண்மையா என்று தெரியாது.

முன் டயரில் ஒரு இடத்தில் தேய்மானம். பாய் மாட்டிக்கொடுத்த புது ரப்பர், ஒரு திட்டு மட்டும் சுரண்டின மாதிரி. ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது டயர் மேலே இடிக்கிறதோ என்று பார்த்தேன். இடைவெளி இருக்கிறது. இருந்தாலும் அதுதான் இருக்கவேண்டும். வேறு என்ன?

சாயங்காலம் கல்லிடம் போய்ப் பார்த்தேன். நடந்துதான் போனேன். தார் மேல் கறுப்புக் கோடுகள். குட்டை குட்டையாக, ஒன்றின் மேல் ஒன்று, எல்லாம் ஒரு சாண் அகலத்துக்குள். என் டயர். தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் நின்றது. பள்ளமில்லை, மேடில்லை. எண்ணெய் இல்லை, மணல் இல்லை. கல் வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. தொட்டது யாருக்கும் தெரியவில்லை. தொட்டால் என்ன இப்போது? யார் கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டேன். இதை எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 17, செவ்வாய்

ஆடி பிறப்பு. காற்று ஆரம்பம்.

ஷெரீப் பாயிடம் போய்ச் சின்ன ஃபோர்க் கேட்டேன். இல்லை. "ஃபாரின் சாமானுக்கு நான் எங்க போவேன் தம்பி? உனக்கு பெருசா குடுத்ததே தப்பா?" தேங்காய் பர்ஃபி கொடுத்து அனுப்பினார். தின்றுகொண்டே வந்தேன்.

வேறு வழி ஒன்று அந்தப் பக்கங்களில் படித்தேன். ஃபோர்க்கின் உள்ளே, ஸ்பிரிங் கம்பியில் ஒரு புஷ், சின்னக் குழாய்த் துண்டு, போட்டுவிட்டால் ஃபோர்க் முழுக்க நீள முடியாது. டிராவல் குறையும், நீளமும் குறையும். 42 மில்லிமீட்டர் நைலான் புஷ். கம்பெனியில் நைலான் துண்டு ஸ்கிராப்பில் கிடக்கிறது. லேத் என் கையிலேயே இருக்கிறது.

ஜூலை 18, புதன்

சாப்பாட்டு நேரத்தில் கடைந்துவிட்டேன். கான்ட்ராக்ட் ஆள் சொந்த வேலைக்கு மெஷினைத் தொட்டால் அன்றைக்கே கேட் வெளியே. சூப்பர்வைசர் கேன்டீனில் இருந்தார். சாரதி மட்டும் வந்துவிட்டான். கையிலிருந்து வாங்கி வெர்னியர் வைத்து அளந்தான்.

"நாப்பத்தொண்ணரைதான் வரது. என்னத்துக்கு இது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, ஃபோர்க் கதையை மட்டும். சொல்லாததையும் புரிந்துகொண்டான் போல. காது சிவந்தது. "எங்க தெருவுல இதெல்லாம் இப்ப யாரு பாக்கறா சேகர்" என்றான். பிறகு புஷ்ஷை என் பையிலேயே போட்டுவிட்டுப் போனான். யாரிடமும் சொல்ல மாட்டான். நல்லவன்தான். அவன் நல்லவனாக இருப்பதில் எனக்கு என்ன பிரயோஜனம்? யாரும் பார்ப்பதில்லை என்று சொல்கிறவன் தெருவில்தான் திங்கட்கிழமை நாலு ஜன்னலில் நாலு தலை.

ஜூலை 20, வெள்ளி

மாலை நல்ல மழை. ஏரியில் தண்ணீர் கிடையாது, வாசனை மட்டும்.

நேற்றும் இன்றும் ஃபோர்க்கைப் பிரித்தேன். உள்ளே கறுப்பு எண்ணெய், செத்த மீன் நாற்றம். மண்ணெண்ணெயில் கழுவி, புஷ் போட்டு, கிரீஸ் வைத்து மூடினேன். நூல் கட்டி மறுபடி அளந்தேன்: 80, ஒரு மயிரிழை கூட. கோணம் 71.

கரையில் ஓட்டினேன். எப்படிச் சொல்வது. நேற்று வரை யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது, இன்று அவனைக் காணோம். நடக்கிற வேகத்தில் ஓட்டினேன், ஹேண்டில் விழவில்லை. வேண்டுமென்றே எட்டு போட்டேன். எருமை மேய்க்கிற பிள்ளைகள் கைதட்டின.

ஃபிரேமும் ஃபோர்க்கும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டால் வண்டி ஒரே பொருள் ஆகிவிடுகிறது. இவ்வளவு நாளும் இரண்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நாளைக்குத் தெரு.

ஜூலை 21, சனி

விழுந்தேன்.

இறங்கவில்லை, விழுந்தேன். வண்டி இப்போது நன்றாகப் போவதால் வேகமாக வந்தேன், அதனால் பலமாக. இடது முழங்கால் தோல் போயிற்று. கல்லுக்கு முன்னால், நெடுஞ்சாண் கிடையாக, இரண்டு கையும் முன்னால் நீட்டி. சேவிக்கிற மாதிரி. கண்ணையன் ஓடிவந்து தூக்கினார். சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வேணாம்பா சேகரு" என்றார். மெதுவாக. "அந்தப் பக்கமாவே போயிடு."

எழுந்தபோது ஜன்னல்களில் சத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் தறியை நிறுத்தவில்லை. ஆனால் விழுகிற நேரத்தில் எதுவும் கேட்கவில்லை. என் பெல் அடித்ததாகக் கண்ணையன் சொல்கிறார், அதுகூட.

புஷ் உடைந்ததா என்று பிரித்துப் பார்த்தேன். முழுசாக இருக்கிறது. 80 தான். 71 தான்.

எனக்குப் பேய் கிடையாது, சாமி கிடையாது. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 22, ஞாயிறு

முழங்கால் வீக்கம். மஞ்சள் பத்து.

காலையில் சாரதி காலனிக்கே வந்தான். முதல் தடவை. வாசலில் நின்றான், அம்மா நாற்காலி போட்டாள், உட்காரலாமா என்று ஒரு நொடி யோசித்து உட்கார்ந்தான். காபி குடித்தான். வண்டியைப் பார்க்கவேண்டும் என்றான். அவன் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்ப, நான் நொண்டிக்கொண்டு பின்னால்.

கல்லைத் தாண்டி ஓட்டினான். திரும்பி வந்தான். மெதுவாக, வேகமாக. ஒரு கையை விட்டு. இரண்டு கையையும் விட்டு. ஒன்றும் ஆகவில்லை. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வண்டி நன்னாத்தானே இருக்கு சேகர்" என்றான். அவனுக்கும் அது சந்தோஷமாக இல்லை.

நான் விழுந்ததைவிட இது மோசம். வண்டி அவனைத் தாண்ட விடுகிறது.

அம்மா கற்பூரம், எலுமிச்சம்பழம். வேண்டாம் என்று கத்தினேன். சாயங்காலம் பார்த்தால் முன்சக்கரத்தடியில் நசுங்கின பழம். நைனா வண்டியைத் தொடவேயில்லை. தாண்டிப் போகும்போது மட்டும் அதைப் பார்த்தார். ஏதோ தெரிந்த ஆளைப் பார்க்கிற மாதிரி.

ஜூலை 24, செவ்வாய்

காற்று, புழுதி.

செல்விக்குச் சைக்கிள் வந்துவிட்டது. புதுசு, கூடை வைத்தது, சீட்டில் இன்னும் பிளாஸ்டிக். பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டிக்கொண்டே வந்தவள் தெருவின் மறுமுனையிலேயே இறங்கிக் கல் தாண்டும் வரை தள்ளிக்கொண்டு வந்தாள். கண்ணையன் கடையிலிருந்து பார்த்தேன்.

வீட்டில் கேட்டேன்.

"நீயே எறங்குறியேண்ணா."

"நான் எறங்கல. விழுந்தேன்."

"பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம். நைனா பீடியை அணைத்துவிட்டு, பொண்ணு புத்திசாலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். இவளும் நாளைக்கு ஒரு பிள்ளையை கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கல்லில் இறங்குவாள். அந்தப் பிள்ளை ஏன் என்று கேட்கும். நட என்பாள். என்னால்தான். நைனாவைப் பார்த்து இறங்கவில்லை, என்னைப் பார்த்து இறங்கினாள்.

ஜூலை 25, புதன்

ஏரிக்கரை வழி. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 26, வியாழன்

ஏரிக்கரை. சாரதி பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

சம்பளம் போடவில்லை. கேட்டால் அடுத்த வாரமாம்.

ஜூலை 27, வெள்ளி

ஏரிக்கரை. திரும்பும்போது முன்சக்கரத்தில் வேலமுள். பஞ்சர். இருட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். காலையில் பார்க்கவேண்டும்.

ஜூலை 28, சனி

இதை நிதானமாக எழுதவேண்டும். கை இன்னும் சரியாகவில்லை.

காலையில் எழுந்தது லேட். அவசரமாக முன்சக்கரத்தைக் கழற்றினேன். இந்த வகை பிரேக்கில் சக்கரம் வெளியே வரவேண்டுமென்றால் முதலில் பிரேக் கேபிளின் கொக்கியை விடுவிக்கவேண்டும். விடுவித்தேன். டியூபில் ஒட்டுப் போட்டு, சக்கரத்தை மாட்டி, காற்றடித்தேன். கரை வழி போனால் பஸ் போய்விடும். வேறு வழியில்லை. தெரு.

முனையில் திரும்பினேன். தறிச் சத்தம் இருந்தது. கல் வந்தது. சத்தம் நின்றது. உடம்பு தானாக விழத் தயாராகிவிட்டது.

வண்டி குனியவில்லை. நேராகப் போனது. கல் பின்னால் போயிற்று, கண்ணையன் கடை போயிற்று, கோயில் போயிற்று. சத்தம் திரும்பி வந்தது. ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏறி உட்கார்ந்தபடியே மறுமுனை வரை வந்துவிட்டேன்.

ஹைவேயில் நின்றுதான் பார்த்தேன். இடது கை பிரேக்கைப் பிடித்திருந்தது. முழுக்க. லீவர் ஹேண்டில்பாரோடு ஒட்டியிருந்தது, விரல் முட்டி வெள்ளையாக. நான் பிடிக்கவில்லை. எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியாது. விரல் பிரியவில்லை, வலது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

கீழே கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. மாட்ட மறந்திருக்கிறேன்.

கறுப்புக் கோடு. டயரில் தேய்ந்த திட்டு. எல்லாம் பிரேக் பிடித்த தடம். முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகூடச் சொல்லும். நான் ஃபோர்க்கை அளந்துகொண்டிருந்தேன்.

பஸ்ஸில் சாரதி என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 29, ஞாயிறு

மேகமூட்டம். மத்தியானம் தெருவில் ஆள் இல்லை.

சோதனை. கொக்கியை மாட்டிக்கொண்டு போனேன். நடக்கிற வேகம். ரோட்டைப் பார்க்காமல் இடது கையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பிடிக்காதே என்று அதனிடம் வாய்விட்டுச் சொன்னேன். கல்லுக்கு ஒரு ஆள் நீளம் முன்னால் வரை விரல்கள் நீட்டியே இருந்தன. பிறகு மூடின. சுண்டுவிரல் முதலில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வேறு யாருடைய கையோ மாதிரி, அவசரமில்லாமல். வண்டி குனிந்தது, இறங்கினேன்.

வலது கை சும்மா இருந்தது.

வீட்டுக்கு வந்து நைனாவின் சைக்கிளைப் பார்த்தேன். அதில் இடது கை பின்சக்கரம். அதைப் பிடித்தால் வண்டி குனியாது, அலுங்காமல் நிற்கும். காலை எடுத்து மரியாதையாக இறங்கலாம். அவர் பிடிப்பார், அந்தக் கைமேல் என் கை இருக்கும், அதுவும் சேர்ந்து மூடும். ஐந்து வருஷம்.

அவரிடம் கேட்டேன், கல்லாண்ட எந்தக் கையில் பிரேக் பிடிப்பார் என்று. யோசித்தார். கையைத் தூக்கிப் பார்த்தார், இரண்டையும்.

"தெரியலபா. அது தானா நிக்கும்."

சாரதியிடம் சொன்னால் வழி சொல்வான், எனக்கே தெரிகிற வழி. கேபிள்களை மாற்றி மாட்டு, இடது கை பின்சக்கரத்துக்குப் போகட்டும், நம் ஊர் வண்டி மாதிரி. அப்புறம் விழ மாட்டேன். நைனா மாதிரி அழகாக இறங்குவேன்.

அதற்கா இவ்வளவும்?

ஃபோர்க்கை அளந்தேன், ஃபிரேமை அளந்தேன். மில்லிமீட்டரில் பொருத்திவிட்டேன். மூன்றாவது சாமானை அளக்க என்னிடம் கருவி இல்லை.

முன் கொக்கியைக் கழற்றிவிட்டேன். பின் பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டு இறுக்கினேன்.

செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. நாளைக்கு என் பின்னாலேயே வா என்றேன். அவ்வளவு சீக்கிரம் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்றாள். வா என்றேன்.

ஜூலை 30, திங்கள்

ராத்திரி தூறல், விடியுமுன் விட்டுவிட்டது. தார் ஈரம்.

செல்வி பின்னால். தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள், ஒரு ஓரம் முழுக்க ஈர நூல். மிச்சமிருக்கிற இடத்தில் ஒரு சைக்கிள் போகலாம். கண்ணையன் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார்.

கல். சத்தம் நின்றது. கை மூடியது. மூடட்டும். லீவர் ஹேண்டில்பாரில் போய் இடித்தது, வண்டி கேட்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது.

பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வைத்திருந்தேன். காதும் இல்லை. அவள் வருகிறாளா, இறங்கிவிட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. பாவு ஓரமாக நேரே பார்த்து மிதித்தேன். கோயில் வரைக்கும் அப்படியே.

முதலில் கேட்டது பெல். வலது பக்கம், மிக அருகில். செல்வி என்னைத் தாண்டிப் போனாள், சீட்டில் உட்கார்ந்தபடி, பிளாஸ்டிக் பறக்க. போகிற போக்கில் என் கையைப் பார்த்தாள்.

"ஏன்ணா பிரேக்க புடிச்சிக்கினே ஓட்டற?"

மறுமுனையில் காத்திருந்தாள். விரல்களைப் பிரிக்க அவளும் உதவினாள். சுண்டுவிரல் கடைசி.